மிதிவண்டிக்கு ஆறு வகுத்த பாதை

மிதிவண்டியில் செல்லும் ஒவ்வொருவரும் நிலத்தை அளக்கும் கருவி ஒன்றைத் தம் உடலிலேயே சுமந்து செல்கிறார்கள். பேருந்தில் அமர்ந்திருப்பவருக்குச் சாலை மெல்ல ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரிவதில்லை. மிதிவண்டிக்காரருக்கோ ஒரு சிறு பாலத்தின் ஏற்றம்கூடத் தொடைத் தசையில் உடனே தெரிந்துவிடும். ஆற்றங்கரைச் சாலையிலும் வாய்க்கால் கரையிலும் வண்டி தானாக ஓடுவது போலத் தோன்றுவதும், ஊருக்கு வெளியே ஒரு மேட்டைக் கண்டதும் இறங்கித் தள்ள வேண்டியிருப்பதும் நீங்கள் அறியாதன அல்ல.

இனி ஐரோப்பிய நாட்டுப் படம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே பெயர் பெற்று விளங்கும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பாதைகளை அதில் குறித்துப் பாருங்கள். ரைன், டான்யூப், லுவார் முதலிய ஆறுகளின் கரைகளிலும், வடகடலை ஒட்டிய சமவெளிகளிலும் கோடுகள் நெருங்கி ஓடுவதைக் காண்பீர்கள். இது தற்செயலாக அமைந்ததன்று. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றை இயற்பியலில் தேட வேண்டும். அது எளிய கணக்கு. மற்றொன்றை வரலாற்றில் தேட வேண்டும். அது சற்று நீண்ட கதை. ஏனெனில் நிலம் சமமாக இருந்தால் மட்டும் பாதை உண்டாகிவிடுவதில்லை. அந்த நிலத்தில் மிதிவண்டிக்கு இடம் விடவும் வேண்டும்.

கால் தசை போடும் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவர், வண்டி இரண்டும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று வைத்துக் கொள்வோம். காற்றில்லாத நாளில், தட்டையான நல்ல சாலையில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அவர் செல்கிறார். அவரை எதிர்ப்பவை இரண்டு. டயருக்கும் தரைக்கும் இடையே எழும் உருளல் உராய்வு ஒன்று; முகத்தில் மோதும் காற்றின் தடை மற்றொன்று. இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 நியூட்டன் இருக்கும். இதை வெல்ல 40 வாட் அளவு திறன் போதும். உடல்நலமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து 75 வாட் வரை தர முடியும். ஆகவே அவர் பேசிக்கொண்டே போகலாம்.

இப்போது சாலை நூற்றுக்கு ஐந்து என்னும் அளவில் ஏறுவதாகக் கொள்வோம். அதாவது 100 மீட்டர் செல்வதற்குள் 5 மீட்டர் உயர்கிறது. பார்வைக்கு இது பெரிய ஏற்றமன்று. ஆனால் புவியீர்ப்பு இப்போது 39 நியூட்டன் விசையுடன் அவரைப் பின்னோக்கி இழுக்கிறது. மொத்தத் தடை ஐந்து மடங்காகிவிட்டது. அதே வேகத்தில் ஏற 200 வாட் வேண்டும். அது பயிற்சி பெற்ற வீரருக்கே உரியது. 75 வாட் மட்டும் தரக்கூடிய நம் மனிதரின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அது நடையின் வேகம். அவர் இறங்கித் தள்ளுவது சோம்பலால் அன்று, கணக்கு அப்படி.

ஆற்றின் சரிவு எவ்வளவு தெரியுமா? ஜெர்மனியில் உள்ள பாசாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வளவு தொலைவில் அது இறங்கும் உயரம் 150 மீட்டருக்குள்தான். அதாவது 2,000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் மிதிவண்டி ஓட்டினாலும், இந்தச் சரிவால் ஏற்படும் கூடுதல் தடை 0.4 நியூட்டன், 40 கிராம் பொருளைக் கையில் தூக்கிப் பிடிக்கும் விசை அவ்வளவே. மலை நாட்டின் நடுவே ஆறு தன் பெருக்கால் பல நூறாயிரம் ஆண்டுகள் அறுத்துச் செப்பனிட்ட வழி அது. மிதிவண்டிக்கு அதைவிடச் சிறந்த வழியை எந்தப் பொறியாளரால் வகுக்க முடியும்?

முதற் பயணமும் முதல் தடையும்

மிதிவண்டியின் முன்னோடி பிறந்த இடமும் ஓர் ஆற்றுச் சமவெளிதான். 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், பாடன் நாட்டு வனத்துறை அதிகாரியான கார்ல் டிரைஸ் என்பவர், தாம் செய்த மரவண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். முன்னும் பின்னுமாக இரண்டே சக்கரங்கள். பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். ஸ்வெட்சிங்கன் செல்லும் சாலையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சென்று, ஒரு மணி நேரத்துக்குள் அவர் திரும்பியும் வந்துவிட்டார். அஞ்சல் வண்டியைவிட வேகமான பயணம் அது.

அவர் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள். மேல் ரைன் சமவெளி என்பது இருபுறமும் மலைத்தொடர்கள் நிற்க, நடுவே நிலம் தாழ்ந்ததால் உண்டான பெரும் பள்ளம். நீளம் 300 கிலோமீட்டர். அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். ரைன் கொணர்ந்த வண்டலும் சரளையும் அந்தப் பள்ளத்தை நிரப்பித் தட்டையாக்கின. அதன் மேல் போட்ட நல்ல சாலையில்தான் இரு சக்கரங்களின் வரலாறு தொடங்கியது. 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பயிர்கள் பொய்த்தன என்றும், குதிரைகளுக்குத் தீவனம் கிடைக்காமையே டிரைஸைத் தூண்டியது என்றும் சில வரலாற்றறிஞர்கள் கருதுகின்றனர். நேரடிச் சான்று போதாது என்று மறுப்போரும் உண்டு.

ஆனால் அடுத்து நடந்ததில் ஐயமில்லை. அக்காலத்து வண்டிச் சாலைகளில் சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்து கிடந்தன. இரு சக்கர வண்டிக்காரர் அந்தத் தடத்தில் சிக்கினால் விழ வேண்டியதுதான். ஆகவே அவர்கள் வழவழப்பான நடைபாதையை நாடினர். நடப்பவர்கள் முறையிட்டனர். அதே 1817ஆம் ஆண்டு டிசம்பரிலேயே மான்ஹைம் நகரம் நடைபாதையில் இவ்வண்டியை ஓட்டக் கூடாது என்று தடை விதித்தது. தொடர்ந்து மிலான், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களும், ஏன், நம் கல்கத்தாவும்கூடச் சில ஆண்டுகளுக்குள் தடை விதித்தன. சாலையில் ஓட்ட முடியாது; நடைபாதையில் ஓட்டக் கூடாது. வண்டி பிறந்த ஆண்டிலேயே அதற்கென்று இடமில்லை என்பதும் தெளிவாகிவிட்டது.

அதே 1817இல், அதே பாடன் நாட்டில், இன்னொரு பெரும் பணியும் தொடங்கியது. யோஹான் கோட்ஃபிரீட் டுல்லா என்னும் பொறியாளர், வளைந்து வளைந்து ஓடி வெள்ளத்தால் ஊர்களை அழித்த ரைன் ஆற்றை நேராக்கும் வேலையைத் தொடங்கினார். பணி 1876இல் முடிந்தபோது பாசெல் நகருக்கும் வொர்ம்ஸ் நகருக்கும் இடையே ஆற்றின் நீளம் 81 கிலோமீட்டர் குறைந்திருந்தது. ஆற்றை அடக்கப் போட்ட நெடுங்கரைகள் இன்று மிதிவண்டிகள் ஓடும் தடங்களாகவும் விளங்குகின்றன. டிரைஸும் டுல்லாவும் ஒரே அரசில் பணியாற்றியவர்கள். ஒருவரது வண்டிக்கு மற்றவரது கரை பிற்காலத்தில் வழியாகும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

நாயும் பாயும் கூடா!

முன் சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் 1860களில் பாரிஸில் பரவின. 1869ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பாரிஸிலிருந்து ரூவான் வரை, உலகில் ஊர்விட்டு ஊர் செல்லும் முதல் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. இரண்டு நகரங்களுமே சீன் ஆற்றின் கரையில் இருப்பவை. தம் வண்டியை நாயைக் கட்டி இழுக்கச் செய்யக் கூடாது, பாய் கட்டிக் காற்றால் செலுத்தக் கூடாது என்று விதிகள் வகுத்திருந்தார்கள் என்றால் அக்கால நிலையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். சாலை வழியே 123 கிலோமீட்டர் தொலைவை ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர் 10 மணி 40 நிமிடத்தில் கடந்து வென்றார். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கும் குறைவு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பாரிஸிலிருந்து ரூவானுக்கு ஆற்றின் வழியே படகில் போனால் தொலைவு 200 கிலோமீட்டருக்கும் மேல். சீன் அவ்வளவு வளைந்து ஓடுகிறது. சாலையோ வளைவுகளை அறுத்துக்கொண்டு குறுக்கே செல்கிறது. குறுக்கே செல்வதென்றால் வளைவுகளுக்கு நடுவே நிற்கும் மேடுகளில் ஏறி இறங்க வேண்டும். தொலைவில் கிடைக்கும் சேமிப்புக்கு உயரத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பள்ளத்தாக்கில் செல்லும் சாலை எல்லாமே சமமான சாலை அன்று. ஆற்றின் நீர்மட்டத்தை விட்டு விலகாத பாதைதான் உண்மையில் சமமானது. அப்படி ஒரு பாதையை யார், எதற்காகப் போட்டிருப்பார்கள்?

கயிறு கட்டிய குதிரைகள்

விடை படகுத் தொழிலில் இருக்கிறது. ஆற்றோட்டத்தோடு வரும் படகுக்கு நீரே துணை. எதிர்த்துப் போகும் படகை என்ன செய்வது? நீராவி வருவதற்கு முன் அதைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். டான்யூபில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய படகு வரிசையை இழுக்க முப்பது, நாற்பது குதிரைகள்கூடப் பூட்டப்பட்டன. வியன்னாவிலிருந்து மேல்நோக்கிச் செல்வது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பனி உருகி ஆறு பெருகிய காலங்களில் குதிரைகளும், அவற்றின் மேலிருந்த ஆட்களும் நீரில் இழுக்கப்பட்டு மாண்டதும் உண்டு.

குதிரை படகோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே குதிரையின் பாதை ஆற்றை விட்டு விலகவும் முடியாது, உயரத்தில் ஏறவும் முடியாது. வளைவுக்கு வளைவு நீரை ஒட்டியே செல்ல வேண்டும். இந்த இழுவைப் பாதைதான் மலைகளுக்கு நடுவே நீர்மட்டத்தில் ஓடும் சமமான வழி. மிதிவண்டி தேடியது இதைத்தான்; ஆனால் அது பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாதை இருந்தது.

இந்தப் பாதைகள் தாமாகப் பிழைத்துவிடவில்லை. கரை நிலத்துக்கு உடையவர் வேலி போட்டால் வழி அடைபட்டுவிடும். இதைத் தடுக்கப் பிரான்சில் 1669ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் நீர்நிலைகளுக்கும் காடுகளுக்குமான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. படகோடும் ஆறுகளை ஒட்டி நிலம் வைத்திருப்போர், குதிரைகள் இழுத்துச் செல்லும் கரையில் 24 அடி அகலம் வழி விட வேண்டும். எதிர்க்கரையில் 10 அடி விட வேண்டும். நிலம் உடையவருடையதே, ஆனால் வழி அடைக்கப்படக் கூடாது. அக்காலப் பிரெஞ்சு அடிக் கணக்கில் அந்த 24 அடி என்பது 7.80 மீட்டர். பிரெஞ்சுச் சட்டத்தில் 7.80 மீட்டர் என்னும் எண் இன்றும் இருக்கிறது. குதிரைகளும் கயிறுகளும் மறைந்த பின்னும் சட்டம் அந்த வழியைக் காத்து வைத்திருக்கிறது.

டான்யூபில் வியன்னாவிலிருந்து பெஸ்ட் நகருக்கு 1830இல் நீராவிக் கப்பல் சென்றது. 1837இல் ஓட்டத்தை எதிர்த்து லின்ஸ் நகரையும் எட்டியது. 1858இல் வியன்னாவுக்கும் லின்ஸுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. படகிழுக்கும் குதிரைகளுக்கும், அவற்றை நம்பிப் பிழைத்த ஆட்களுக்கும், அவர்களுக்கு உணவிட்ட கரையோர விடுதிகளுக்கும் வேலை போயிற்று. ஆனாலும் ஆற்றைப் பராமரிப்பவர்களுக்குக் கரையோர வழி தேவைப்பட்டது. ஆகவே அது மூடப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நீர்மின் நிலையங்கள் வந்தன. 1959இல் முடிந்த இப்ஸ்-பெர்சன்பாய்க் அணை, படகுகளை அச்சுறுத்தி வந்த சுழல்களையும் பாறைகளையும் ஆழ்ந்த நீருக்குள் அமிழ்த்திவிட்டது. அணையின் மேலே ஆற்றைக் கடக்க வழியும் கிடைத்தது.

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் இந்தப் பழைய இழுவைப் பாதைகளை இணைத்து டான்யூப் மிதிவண்டிப் பாதை அமைக்கப்பட்டது. விடுதிகள் மீண்டும் திறந்தன. குதிரைகளுக்குப் போட்ட வழியில் இன்று குடும்பத்தோடு மக்கள் செல்கிறார்கள். பந்தய வீரராக இருக்க வேண்டியதில்லை. நாற்பது வாட் போதும்.

காற்று என்னும் கண்ணுக்குத் தெரியாத மலை

சமவெளியில் ஏற்றமில்லை, ஆனால் தடை இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்லும் நம் மனிதருக்கு எதிரே அதே வேகத்தில் காற்றும் வீசினால், அவர் உணரும் காற்றின் வேகம் இரு மடங்கு. தடையோ நான்கு மடங்கு. உருளல் உராய்வையும் சேர்த்தால் மொத்தத் தடை மூன்று மடங்கை நெருங்கிவிடும். சமவெளியில் நின்றுகொண்டே நூற்றுக்கு இரண்டுக்கும் மேலான ஏற்றத்தில் ஏறுவதற்கு அது ஒப்பாகும். மலை ஏறினால் இறக்கமாவது கிடைக்கும். எதிர்காற்றில் அதுவும் இல்லை.

பிரான்சின் லுவார் ஆற்றில் இந்தக் காற்றுக்கு வேறு பயன் இருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மேற்குக் காற்று பள்ளத்தாக்கின் வழியே உள்நாட்டுக்குள் வீசும். அதில் பாய் விரித்து, படகோட்டிகள் ஓட்டத்தை எதிர்த்து மேலே சென்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து எழுப்பப்பட்ட வெள்ளத் தடுப்புக் கரைகள் ஆற்றை அணைத்து நிற்கின்றன. 1995இல் திட்டமிடத் தொடங்கி, அந்தக் கரைகளையும் சிற்றூர்ச் சாலைகளையும் இணைத்துக் கடல் வரை 900 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையை அமைத்தார்கள். இன்று கடலை நோக்கிச் செல்பவருக்கு ஆற்றின் சரிவு சாதகம். ஆனால் காற்று பாதகம். மேலே கண்ட கணக்கின்படி எது பெரிது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

காற்றோடு வாழக் கற்றவர்கள் நெதர்லாந்து மக்கள். அந்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலைத் தடுக்கும் கரைகளே அங்கு மேடு. புயல் காற்று வீசும் நாளாகப் பார்த்து, கிழக்கு ஷெல்டே கடல் தடுப்பணையின் மேல் 8.5 கிலோமீட்டர் தொலைவுக்கு எதிர்காற்றுப் பந்தயம் ஒன்றை 2013இலிருந்து நடத்துகிறார்கள். வேகமாற்றுப் பற்சக்கரம் இல்லாத சாதாரண வண்டியில்தான் ஓட்ட வேண்டும்!

சமவெளி மட்டும் போதுமா?

நெதர்லாந்தில் எல்லாரும் மிதிவண்டி ஓட்டுவதற்கு நிலம் தட்டையாக இருப்பதே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. மீதியை வரலாறு சொல்கிறது.

1885இல் பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் வண்டி இங்கிலாந்தில் வெளிவந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். அதே 1885இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மிதிவண்டிக்கென்று தனிப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. 1883இல் தோன்றிய மிதிவண்டிச் சங்கம் நாடெங்கும் வழிகாட்டிக் கம்பங்களை நட்டது. பின்னர் அரசு 1924இல் மிதிவண்டி வரி விதித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக வண்டியில் உலோகத் தகடு மாட்ட வேண்டும். ஏழைகளுக்கு இலவசத் தகடு உண்டு; ஆனால் அதன் நடுவே ஒரு துளை போட்டிருப்பார்கள், ஏழை என்று ஊர் அறிய! 1941இல்தான் இவ்வரி ஒழிந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. நிலம் முன்போலத் தட்டையாகவே இருந்தது. ஆனால் மிதிவண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. சாலைகளை மோட்டார்களுக்காக அகலப்படுத்தினார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறு நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்குப் புறப்பட்ட குழந்தை வீடு திரும்புமா என்பதே கேள்வியாயிற்று. தம் மகளைச் சாலை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. பெற்றோர்கள் தெருக்களை மறித்து நின்றனர். 1973 நவம்பர் 4 முதல், எண்ணெய் நெருக்கடியால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியில் சென்றனர். இடம் விட்டால் என்ன ஆகும் என்பதை நாடே கண்ணால் கண்டது.

1970களின் நடுவில் ஹேக், டில்பர்க் நகரங்களில் சோதனைப் பாதைகள் அமைந்தன. இன்று நாடெங்கும் தனிப்பாதைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. அண்மை ஆண்டுகளில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 700 பேர் அளவில் மாள்கின்றனர். 1971ஐ நோக்க இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இருக்கைப் பட்டை, சிறந்த மருத்துவம், வேகக் கட்டுப்பாடு முதலியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் மிதிவண்டிக்கெனப் பிரித்துவிட்ட வழியின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

ஆறு வழியை வகுத்துக் கொடுத்தது. அதை அடைபடாமல் காத்தது 1669ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற ஏற்பாடுகள். இழந்ததை மீட்டுக் கொடுத்தது தெருவில் நின்ற பெற்றோரின் பிடிவாதம். இம்மூன்றில் எது குறைந்தாலும் பாதை இல்லை.

உங்கள் ஊரிலும் ஓர் ஆற்றங்கரையோ, வாய்க்கால் கரையோ, ஏரிக்கரையோ இருக்கும். அடுத்த முறை அதன் மேல் மிதிவண்டியில் செல்லும்போது, நீர் பாய்வதற்கு எவ்வளவு சிறு சரிவு போதும் என்பதை உங்கள் கால்களால் அளந்து பாருங்கள். அந்தக் கரை எவ்வளவு தூரம் தடையின்றிச் செல்கிறது, எந்த இடத்தில் வேலியோ குப்பையோ அதை மறிக்கிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். பள்ளிக்கு அந்த வழியே செல்லக்கூடிய சிறுவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குறிப்புக்கு ஒரு பயன் இருப்பது விளங்கும்.